ஊசிமுனையில் கண்ட உண்மை: சொறிநோயின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

முஸ்லிம்களின் விஞ்ஞானப் பங்களிப்புப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. அர்ராஸி, இப்னு ஸீனா, இப்னுந் நபீஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஐரோப்பா விழித்தெழும் முன்னரே நாம் கண்டுவிட்டோம் என்ற பெருமிதத்தோடு கட்டுரை முடியும். அந்தப் பெருமிதத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், கண்டதன் பின் என்ன நடந்தது என்ற கேள்வியை அக்கட்டுரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு மிகப் பொருத்தமான நோய் ஒன்று இருக்கிறது. சபையில் பெயர் சொல்லக்கூட நாம் கூசுகின்ற நோய் அது: சொறி. ஊருக்கு ஊர் சிரங்கு என்றும், சொறி சிரங்கு என்று சேர்த்தும் சொல்வார்கள். அரபியில் அதன் பெயர் ஜரப்.

நோயின் இயல்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நுண்ணுயிர். வழக்கில் சொறிப்பூச்சி என்கிறோம். உண்மையில் அது பூச்சியினம் அல்ல. எட்டுக் கால் கொண்டது; சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவானது. பெண் உயிர் அரை மில்லிமீற்றருக்கும் குறைவான நீளமுடையது. தோலின் மேற்படையைத் துளைத்துச் சுரங்கம்போல் ஒரு வழி அமைத்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் வீதம் இட்டுக்கொண்டே போகும். நான்கு முதல் ஆறு வாரங்கள் அதன் ஆயுள். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மர்மப் பகுதி என்பன அதற்கு விருப்பமான இடங்கள். இரவில்தான் அரிப்புக் கடுமை. உடலில் உள்ள உயிர்களின் எண்ணிக்கையோ மிகச் சொற்பம். சாதாரண நோயாளி ஒருவரில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அந்தப் பத்துப் பதினைந்து ஒரு வீட்டின் உறக்கத்தையே பறித்துவிடும்.

அரேபியப் பாலைவனத்து மக்கள் இந்நோயை முதலில் அறிந்தது தமது ஒட்டகங்களில்தான். ஒட்டகச் சொறியை உண்டாக்குவதும் இதே உயிரின் இன்னொரு வகையே. சொறி பிடித்த ஒட்டகத்துக்குத் தார் பூசி, மந்தையிலிருந்து விலக்கிக் கட்டுவது அவர்களது வழக்கம். இஸ்லாத்துக்கு முற்பட்ட கவிஞனான தரஃபா, தன் கோத்திரத்தார் தன்னை ஒதுக்கிவைத்ததைச் சொல்லத் தனது முஅல்லகாவில் எடுத்தாண்ட உவமை இந்தத் தார் பூசிய ஒட்டகம்தான். நோயும் ஒதுக்கலும் எவ்வளவு பழைய கூட்டாளிகள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஹதீஸ் கிரந்தங்களிலும் இந்நோயின் சுவடு உண்டு. மான்களைப்போல் துள்ளித் திரிந்த ஒட்டகங்களுக்குள் சொறி பிடித்த ஒன்று வந்து கலந்ததும் அத்தனைக்கும் சொறி பிடித்துவிடுகிறதே என்று நாட்டுப்புற அரபி ஒருவர் கேட்டதும், அப்படியாயின் முதல் ஒட்டகத்துக்கு அதை ஒட்டவைத்தது யார் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டதும் பலரும் அறிந்தவை. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டுவர வேண்டாம் என்ற கட்டளையும் அதே கிரந்தங்களில் இருக்கிறது. இவ்விரண்டையும் எப்படி இணைத்து விளங்குவது என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் நிறையவே எழுதியுள்ளனர். அது எனது துறையல்ல. வரலாற்று மாணவன் என்ற வகையில் என் கவனத்தை ஈர்ப்பது அந்தப் பெயரறியா நாட்டுப்புற அரபியின் கண்தான். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதை அவர் கண்டிருக்கிறார். மந்தை மேய்ப்பவருக்கு அது அன்றாட அனுபவம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அரிப்பினால் அவதியுற்ற ஸுபைர் இப்னுல் அவ்வாம், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் ஆகிய இரு தோழர்களுக்கு, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டாடையை அணிய நபியவர்கள் அனுமதித்தார்கள். அது சொறிதானா என்று அறுதியிட முடியாது. ஆயினும், தோலின் அவதி என்பது சட்டத்திலும் சலுகை பெறத்தக்க துன்பம் என அங்கு ஏற்கப்பட்டிருக்கிறது. அரிப்புத்தானே என்று அலட்சியம் செய்யப்படவில்லை.

இனி வைத்தியர்களுக்கு வருவோம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கிறிஸ்து ஆண்டு பத்தாம் நூற்றாண்டில், கஸ்பியன் கடலோரத் தபரிஸ்தானைச் சேர்ந்த அபுல் ஹஸன் அஹ்மத் இப்னு முஹம்மத் அத்தபரி என்ற வைத்தியர் வாழ்ந்தார். புகழ்பெற்ற வரலாற்றாசிரியரான தபரி வேறு, இவர் வேறு. ஹிப்போகிரட்டீஸின் வழிநின்ற சிகிச்சைகள் பற்றி அவர் எழுதிய பெருநூலில், சொறியுள்ள தோலிலிருந்து ஊசிமுனையால் எடுக்கக்கூடிய சிறு உயிர் பற்றிய விவரணம் வருகிறது. அதை நகத்தின் மேல் வைத்து வெயிலிலோ நெருப்பருகிலோ காட்டினால் அசையும் என்கிறார். ஏட்டைப் பார்த்து எழுதியவர் இப்படிச் சொல்லமாட்டார். நகத்தில் வைத்துப் பார்த்தவர்தான் சொல்வார்.

அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், அந்தலூஸில் இப்னு ஸுஹ்ர். இஷ்பீலியா எனப்பட்ட செவிலி நகரின் வைத்தியப் பரம்பரையில் வந்தவர்; இப்னு ருஷ்தின் நண்பர்; 1162இல் மறைந்தவர். தமது அத்தைஸீர் என்ற நூலில் இவரும் அந்த உயிரைக் குறிப்பிடுகிறார். தோலை உரித்தால் வெளிவரும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிற்றுயிர் என்று சொல்லி, பேனின் ஈரைக் குறிக்கும் ஸுஆப் என்ற சொல்லால் அதை அழைக்கிறார். அந்தச் சொல் மக்களின் வாயில் ஏற்கெனவே புழங்கியது. வைத்தியரிடம் போவதற்கு முன்னரே மக்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள்.

அத்தைஸீர் 13ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. ஆகவே செய்தி ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. கிழக்கிலும் நடக்கவில்லை, மேற்கிலும் நடக்கவில்லை. காரணம், அக்கால வைத்தியம் முழுவதும் நான்கு கலவைகள் பற்றிய கோட்பாட்டின் மீது நின்றது. இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகியவற்றின் சமநிலை குலைவதே நோய் என்பது கலேனின் போதனை. இப்னு ஸீனாவின் அல்கானூனும் அதை நிலைநிறுத்தியது. அதன்படி சொறி என்பது கெட்டுப்போன இரத்தம் தோல் வழியே வெளிவருவது. உயிர் இருந்தாலும், அது அழுக்கில் தானாகப் பிறந்தது; நோயின் விளைவேயன்றிக் காரணமல்ல. எனவே நோயாளிக்கு இரத்தம் எடுப்பதும் பேதி கொடுப்பதுமே சிகிச்சை. கோட்பாட்டுக்குள் அடங்காத காட்சி, கண்முன் இருந்தும் இல்லாததாயிற்று.

இது பழங்கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கத்தரிக்காயும் இறாலும் கிரந்திச் சாப்பாடு, அதனால்தான் புள்ளைக்குச் சொறி என்று இன்றும் நமது வீடுகளில் பேசுவது அந்தப் பழைய கோட்பாட்டின் எச்சம்தான். கலேனின் பெயரைக் கேட்டறியாத நம் மூத்தம்மாமாருக்குள்ளும் கலேன் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

அடுத்த திருப்பம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் நேர்ந்தது. ஜொவான்னி கொசிமோ பொனோமோ என்ற வைத்தியரும் டியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்துக் கலவையாளரும் சேர்ந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அந்த உயிரை ஆராய்ந்து, 1687இல் பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்கு ஒரு கடிதமாக வெளியிட்டனர். உயிரின் படத்தை வரைந்தனர். அது முட்டையிடுவதைக் கண்டனர். சொறிக்குக் காரணம் கெட்ட இரத்தமல்ல, இந்த உயிரே என்று எழுதினர். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய உயிர் ஒன்றே ஒரு நோயின் காரணம் என்று தெளிவாக எழுதப்பட்ட முதற் சந்தர்ப்பங்களில் ஒன்றாக வைத்திய வரலாற்றாசிரியர்கள் இதனைக் கொள்வர்.

இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் வேறு. ஏழைப் பெண்கள் தம் பிள்ளைகளின் சொறியிலிருந்து ஊசியால் எதையோ எடுப்பதையும், லிவோர்னோவின் அடிமைச் சிறையில் அடிமைகள் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்வதையும் பார்த்தே தமக்கு இந்த எண்ணம் வந்ததாகப் பொனோமோ சொல்கிறார். அந்தக் காலத்தில் லிவோர்னோவின் அடிமைச் சிறையில் இருந்தவர்களில் பெரும் பகுதியினர், மத்தியதரைக் கடலில் சிறைபிடிக்கப்பட்ட வட ஆபிரிக்க, உஸ்மானிய முஸ்லிம்கள். இப்னு ஸுஹ்ரின் நூலை ஐரோப்பிய அறிஞர்கள் அலமாரியில் வைத்திருந்த அதே வேளையில், எழுத்தறிவற்ற கப்பலடிமை ஒருவன் தன் கூட்டாளியின் விரலிடுக்கிலிருந்து ஊசியால் எடுத்துக் காட்டியதுதான் விஞ்ஞானத்துக்குக் கண் திறந்தது. அவனுடைய பெயர் எந்த நூலிலும் இல்லை.

ஆனால் அப்போதும் உலகம் நம்பவில்லை. பாப்பரசரின் வைத்தியராக விளங்கிய லான்சிஸி, கலவைக் கோட்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. 1703இல் ரிச்சர்ட் மீட் அக்கடிதத்தின் சாரத்தை இலண்டன் ரோயல் சொசைட்டியின் ஏட்டில் ஆங்கிலத்தில் தந்தார். அதற்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடயம் கிடப்பிலே கிடந்தது.

1812இல் பாரிஸின் சென் லூயி வைத்தியசாலையில் கலேஸ் என்பவர் சொறியின் உயிரைக் கண்டுவிட்டதாக அறிவித்துப் புகழ் பெற்றார். மற்றவர்கள் எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை. 1829இல் ரஸ்பாய் என்ற விஞ்ஞானி, கலேஸ் வரைந்து காட்டியது பாற்கட்டியில் வளரும் வேறோர் உயிர் என்று நிறுவியபோது, சொறிக்கு உயிர் காரணம் என்பதே கட்டுக்கதை என்ற நிலை மீண்டும் வந்துவிட்டது. உண்மையில் நேர்ந்த தவறு எளிமையானது. வைத்தியர்கள் அதைச் சீழ்க் கொப்புளங்களுக்குள் தேடினார்கள். அதுவோ கொப்புளத்தில் இருப்பதில்லை. சுரங்கத்தின் கடைமுனையில் இருக்கும்.

1834இல் அதே வைத்தியசாலையில் கோர்சிக்காத் தீவைச் சேர்ந்த ரெனூச்சி என்ற மாணவர், பேராசிரியர்கள் முன்னிலையில் ஊசியால் அந்த உயிரை எடுத்துக் காட்டினார். எங்கு தேட வேண்டும் என்பதை அவர் எந்த விரிவுரையிலும் கற்கவில்லை. ஊரில் ஏழைப் பெண்கள் எடுப்பதைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். தபரிஸ்தான் வைத்தியரின் நகத்திலிருந்து பாரிஸ் மாணவரின் ஊசிவரை எட்டரை நூற்றாண்டுக்கும் மேல். இடைப்பட்ட காலம் முழுவதும் தாய்மார்களுக்கு விடை தெரிந்தே இருந்தது.

காரணம் தெரிந்த பின்னும் நோயின் போக்குப் பிடிபட இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் சொறி பெருகியது. 1941இல் கென்னத் மெலன்பி என்பவர், போரில் ஆயுதமேந்த மனச்சாட்சி காரணமாக மறுத்த இளைஞர்களைத் தொண்டர்களாகக் கொண்டு ஷெஃபீல்டு நகரில் பரிசோதனைகள் தொடங்கினார். நோயாளிகளின் போர்வையிலும் உள்ளாடையிலும் அவர்களைப் படுத்துறங்கச் செய்தார். மிகச் சிலருக்கே நோய் தொற்றியது. தோலும் தோலும் நீண்ட நேரம் உரசும் நெருக்கமே நோயைப் பரப்புகிறது என்பது தெளிவாயிற்று. அதாவது ஒரே பாயில் படுப்பதும், பிள்ளையை அணைத்துக்கொண்டு உறங்குவதும். இன்னொன்றும் தெரியவந்தது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க ஒரு மாதமளவில் செல்லும். அந்த ஒரு மாதமும் அவர் தம்மை அறியாமலே பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

சொறிநோயின் முழுத் தந்திரமும் இந்த ஒரு மாதத்தில் அடங்கியிருக்கிறது. சொறிகின்ற பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால், சொறியாத உம்மாவிடமிருந்து அது திரும்பி வரும். பின்னர் மருந்து பலிக்கவில்லை என்பார்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட பின், புத்தளப் பகுதியில் கிடுகுக் கொட்டில்களில் அகதிகளாகக் குடியேறிய காலத்தில், அப்படியான முகாம் பாடசாலை ஒன்றில் நான் சில காலம் படிப்பித்தேன். எழுதுகோலைப் பிடிக்கும் விரல்களின் இடுக்கில் புண் இல்லாத பிள்ளைகளை எண்ணிவிடலாம். வகுப்பில் தூங்கி விழுவார்கள்; இரவெல்லாம் சொறிந்தால் பகலில் எப்படி விழித்திருப்பது? மருத்துவ மாது ஒருவர் கொட்டில் கொட்டிலாகப் போவார். பெரும்பாலும் வாசலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

“எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்ல மிஸி.”

அவர் கோபிக்கமாட்டார். “இருந்தா வெக்கமில்ல தங்கச்சி. புள்ளைக்கு மட்டும் பூசினா காணாது. வாப்பா, உம்மா, மூத்தம்மா, மடியில கிடக்கிற புள்ளை எல்லாரும் ஒரே ராவில பூசோணும்” என்பார். பிறகு மருந்துப் போத்தலைக் கொடுப்பார். ஒரு போத்தல். கொட்டிலிலோ ஒன்பது பேர். உடுப்புகளைக் கழுவத் தண்ணீருக்கு வரிசை. அந்தப் பெண்மணிக்கு மெலன்பியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஷெஃபீல்டில் கண்டறிந்ததை அவர் தம் சொந்த அனுபவத்தில் கண்டிருந்தார். அவர் சொன்னதைச் செய்வதற்குத் தேவையான போத்தல்கள் மட்டும் எவரிடமும் இருக்கவில்லை.

அரிப்புத்தானே, அதனால் யார் செத்தார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒரு விடயம். சொறிந்து புண்ணான தோல் வழியே ஸ்ட்ரெப்டோகொக்கஸ், ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற பக்றீரியாக்கள் நுழைகின்றன. சீழ்ப்புண் உண்டாகிறது. சில பிள்ளைகளில் அது இரத்தத்தில் பரவும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றின் பின்விளைவாகச் சிறுநீரகம் வீங்கி, முகம் அதைத்து, சிறுநீரில் இரத்தம் போகும் நோயும் வரலாம். கரிபியன் தீவான டிரினிடாடில் 1970களின் தொடக்கத்தில் சொறி பரவியபோது, பிள்ளைகளிடையே இச்சிறுநீரக அழற்சியும் சேர்ந்து பரவியதை வைத்தியர்கள் பதிவுசெய்தனர். விரலிடுக்கில் தொடங்கிய நோய் சிறுநீரகத்தில் போய் முடிகிறது. முதியவர்களிலும் நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிலும் இன்னொரு கடுமையான வடிவம் வரும். தோல் தடித்துப் பொருக்குப் பொருக்காக உரியும். உடலில் ஆயிரக்கணக்கில், சிலவேளை இலட்சக்கணக்கில் உயிர்கள் பெருகியிருக்கும். இவ்வடிவத்தை 1848இல் நோர்வேயின் வைத்தியர்கள் தொழுநோயாளிகளிடையே விவரித்தனர். இத்தனைக்கும் மேலாக உறக்கமின்மை, பாடசாலைக்குப் போகாமை, பக்கத்தில் யாரும் இருக்க மறுப்பதால் வரும் மனவேதனை. இவற்றை எந்தப் பரிசோதனைக் குழாயும் அளப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். எந்த ஒரு வேளையிலும் உலகில் 20 கோடிப் பேருக்குக் குறையாமல் இந்நோய் இருக்கும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 2015இல், ஃபிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாகியிருந்தது. ஒரு தீவுக் கூட்டத்தில் நோயுள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். அதை உட்கொள்ளக் கூடாத சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பூசும் மருந்து கொடுத்தார்கள். ஓராண்டின் பின் அங்கே சொறியுள்ளோர் 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதமளவுக்கு வீழ்ந்தனர். நோய் கண்டவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் மட்டும் மருந்து கொடுத்த தீவுகளில், 37 சதவீதமாக இருந்தது 19 சதவீதத்திலேயே நின்றது. நோயாளியை நோக்குவதா, ஊரை நோக்குவதா என்ற கேள்விக்கு இலக்கங்களில் கிடைத்த விடை இது. எல்லாரும் ஒரே ராவில் பூச வேண்டும் என்று கொட்டில் வாசலில் நின்று சொல்லப்பட்ட சொல்லை ஓர் ஊர் அளவுக்கு விரித்தால் வருவதும் இதுவே.

விடை தெரிந்த பின்னும் பங்களாதேஷின் கொக்ஸ் பஸாரில், உலகின் மிகப் பெரிய அகதி முகாம்களில் அடைபட்டுக் கிடக்கும் ரோஹிங்கியா மக்களிடையே, 2023இல் நடந்த கணக்கெடுப்பில் சுமார் 40 சதவீதமானோருக்குச் சொறி இருப்பது தெரியவந்தது. முகாம் முழுவதற்குமான மருந்து விநியோகம் அந்த ஆண்டின் இறுதியில்தான் ஆரம்பித்தது. பத்தாம் நூற்றாண்டில் அத்தபரி ஊசியால் எடுத்த அதே உயிர், அதே விரலிடுக்கு. மாறியது ஒன்றுதான்: இப்போது அறியாமையைக் காரணம் சொல்ல எவருக்கும் வழியில்லை.

ஆகவே நமது பெருமிதக் கட்டுரைகளில் அத்தபரியையும் இப்னு ஸுஹ்ரையும் சேர்த்துக்கொள்வோம்; அவர்கள் அதற்கு உரியவர்களே. ஆனால் அவர்களோடு, ஒட்டகம் மேய்த்த அந்த நாட்டுப்புற அரபியையும், லிவோர்னோ அடிமையையும், கோர்சிக்காவின் ஏழைப் பெண்களையும் சேர்க்காத கட்டுரை அரைகுறையானது. அறிஞர் கண்டது பெரிதுதான். கண்டவர் அறிஞராக இல்லாதபோது அவருடைய சொல்லுக்குக் காது கொடுக்கும் பண்பு அதைவிடப் பெரிது. அந்தப் பண்பு இல்லாமற் போனதன் விலையை எட்டரை நூற்றாண்டுகள் பிள்ளைகளின் தோல் கொடுத்தது.

எங்கேனும் ஒரு முகாமில், ஒரு மத்ரஸா விடுதியில், ஒரு தோட்ட லயத்தில் பிள்ளையொன்று விரலிடுக்கைச் சொறிவதைக் கண்டால், அதன் உம்மாவிடம் கத்தரிக்காய் கொடுத்தீர்களா என்று விசாரிக்க வேண்டாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அத்தனை பேருக்கும் மருந்து கிடைத்ததா என்று கேளுங்கள்.